தலைக்கு மேல் உயர்ந்த விரிப்புகள்

அன்பு அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். கடிதம் உன் வீட்டுக்கு வராமல் மாடி வீட்டு டீச்சர் கைக்கு வந்ததே என்று திகைக்காதே. உனக்கு வருவதையெல்லாம் அத்தான் பிரித்துப் படித்த பிறகுதான் தருகிறார் என்று டீச்சரே அம்மாவிடம் போனில் சொன்னார். அங்கேயே படித்து, அவரிடமே கொடுத்துவிடு.

நாங்கள் நலம். எனக்குத் தேர்வு முடிந்து விடுமுறை. வீட்டில் தனியாக இருக்க வேண்டாமென்று அம்மா என்னையும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு அழைத்துப் போகிறாள். துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிறேன் என்று பெயர். உண்மையில் இந்த வாரம் புத்தகம் நகரவே இல்லை.

படுக்கை விரிப்புகளை அங்கே இரண்டிரண்டு பேராக மடிப்பது உனக்குத் தெரியும். தலைக்கு மேல் தூக்கி, ஓர் உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். அம்மாவின் ஜோடி சிரிப்பக்கா. எதற்கெடுத்தாலும் சிரிப்பவள், நீ கல்யாணமாகிப் போன பிறகு சேர்ந்தவள். திங்கட்கிழமை அவளால் கையைத் தூக்க முடியவில்லை, அவள் பிடித்த வலது முனை தாழ்ந்தே வந்தது. அம்மா உடனே அடுத்த விரிப்பை இடுப்பளவிலேயே பிடித்தாள். பக்கத்து ஜோடி அதைப் பார்த்துத் தாங்களும் தாழ்த்திக்கொண்டார்கள். சற்று நேரத்தில் கூடம் முழுவதும் இடுப்பளவில் மடித்துக்கொண்டிருந்தது, அவள் ஒருத்தி மட்டும் தனியாகத் தெரியக் கூடாதென்று. யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை, அக்கா!

மதியம் அம்மா ஒரு பெண் டாக்டரை அழைத்து வந்தாள். மூட்டைகளுக்குப் பின்னால் நான் இருப்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். டாக்டர் சிரிப்பக்காவின் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உன் வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சா? குடிக்கிறாரா? யாரோடயும் பேசக் கூடாதுங்கிறாரா? எப்பவாவது கழுத்தைப் புடிச்சிருக்காரா?" அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "எனக்கும் வாய் கொஞ்சம் நீளம் டாக்டர்" என்றாள். "அதை நான் கேக்கலியேம்மா" என்றார் டாக்டர்.

நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். புயலுக்கு முன்னால் காற்றையும் மேகத்தையும் பார்க்கிற மாதிரி அந்தக் கேள்விகள், அடுத்த அடி எவ்வளவு பெரிதாக விழும் என்று பார்த்தன. அவள் சமையலைப் பற்றியோ கோபத்தைப் பற்றியோ ஒரு கேள்விகூட இல்லை. உனக்காக நான் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தானின் கம்பெனி மூடியாயிற்று. உன் போன் அவரிடம். உன் வேலையையும் விட வைத்தார். போன முறை வந்தபோது பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றாய். விழுந்தால் கழுத்தில் விரல் தடம் எப்படி அக்கா வரும்?

கடைசியாக டாக்டர், "வீட்டை விட்டுக் கிளம்பப் போறேன்னு மட்டும் அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடாதே. ரொம்ப ஆபத்தான நேரம் அதுதான்" என்றார். சிரிப்பக்கா சிரித்தாள். "காலையிலேயே சொல்லிட்டேனே!"

அன்று சாயங்காலமே அந்த ஆள் வந்துவிட்டான். காவலாளியைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்து, "எங்கடி அவ?" என்று கத்தினான். நான் மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், நம் அம்மா, பல்லி விழுந்தாலே அலறுகிற அம்மா, ஒரு விரிப்பை உதறித் தலைக்கு மேல் உயர்த்தி, சிரிப்பக்காவைப் பின்னால் மறைத்தாள். அடுத்த ஜோடி உயர்த்தியது. அதற்கடுத்த ஜோடியும். கூடம் முழுவதும் வெள்ளை. எங்கே பார்த்தாலும் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. எவள் அவன் மனைவி என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு விரிப்புக்குப் பின்னாலிருந்து யாரோ, "ஈரத் தரை சார், வழுக்கி விழுந்து வைக்காதீங்க. அப்புறம் உங்களுக்கும் நாங்கதான் படுக்கை விரிக்கணும்" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். போலீஸ் வந்து கூட்டிப் போகும்வரை ஒரு கைகூட இறங்கவில்லை. நான் படித்த எந்தக் கதையிலும் இவ்வளவு பெரிய கோட்டையைப் பார்த்ததில்லை.

வீடு திரும்பியதும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. "ஊரார் பொண்ணுக்குத் துணியைப் புடிச்சு மறைச்சேன். என் பொண்ணை, பொறுத்துப் போம்மான்னு சொல்லி பஸ் ஏத்தி விட்டேனே" என்றாள். அம்மா அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மறுநாளே டாக்டரிடம் கேட்டு எல்லாம் பேசியாகிவிட்டது. சனிக்கிழமை அம்மா வருகிறாள். கையில் கட்டோடு சிரிப்பக்காவும் வருகிறாள். வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. "ஒரு கை சும்மாத்தானே இருக்கு" என்கிறாள். உங்கள் ஊர் மகளிர் காவல் நிலையத்திலும் சொல்லி வைத்திருக்கிறோம். நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. பெட்டி கட்டாதே. அவர் வெளியே கிளம்பியதும், கட்டியிருக்கிற துணியோடு, மாடி ஏறி டீச்சர் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள். அதற்குமுன் பயமாக இருந்தால் சனிக்கிழமைக்குக் காத்திருக்காதே, உடனே ஏறிவிடு. பதில் எழுத வேண்டாம்.

என் அறையில் பாதி உனக்கு. புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

உன் வரவுக்கு ஏங்கும்,
உன் புத்தகப்புழு

அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். இனி அவள் கையெழுத்து:

வந்துடு கண்ணு. இந்தத் தடவை அம்மா உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன்.