டீ குடிக்கப் போனதால் விடுதலை

ஜூன் 3

பாம்பனில் புதுப் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கிய வருசம் இது. கொத்தடிமை வழக்குகளை எடுத்து நடத்தும் சட்டப் பேராசிரியை ஜஸீலா அம்மா வந்திருந்தார். எனக்கு எழுத்துத் தெரியாது. இந்த போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தேதி சொல்லிப் பேசச் சொன்னார், மறந்துபோகுமாம். எனக்கா?

கஜா புயல் அடித்த வருசம், கடலாடிப் பக்கம் கரிமூட்டத்தில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த எங்கள் ஆறு பேரை விடுவித்தார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் மேடை, மாலை, போட்டோ. முடிந்ததும் முதலாளியின் டிராக்டர் வந்து நின்றது. எல்லோரும் ஏறிக்கொண்டார்கள் — வேறு எதில் ஏறுவது? நான் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதனால் விடுதலை ஆனேன். தங்கச்சி இருளம்மாள் இன்னும் அங்கேதான் கரி சுடுகிறாள்.

ஜூன் 11

அதே தாலுகா ஆபீசுக்குப் போனோம். இருளம்மாள் ஏற்கெனவே விடுதலையானவர், விடுதலையானவரை எப்படி விடுவிப்பது என்று அதிகாரி கேட்டார். மறுபடி அடிமையானதற்குப் பத்திரம் ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டார். பேராசிரியை சிரிக்கவில்லை. நேரில் விசாரிக்கச் சொல்லி மனு எழுதி, என் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்.

ஜூன் 12

அன்றைக்கு டிராக்டர் கிளம்பும்போது நான் ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை?

ஜூன் 24

விசாரணை. விடுதலையானவர்கள் தன்னிடம் சந்தோசமாக இருப்பதைக் காட்ட, முதலாளி ஆறு பேரையும் டிராக்டரில் கூட்டி வந்தார். எப்படி ஆறு? இத்தனை வருசத்தில் நாலு பேர் செத்துப்போனார்கள். நான் இங்கே நிற்கிறேன்.

அதிகாரி பட்டியலைப் படித்தார். சந்தனம் என்றதும், முன்பின் பார்த்திராத ஒரு குண்டு ஆள் கை தூக்கினான். வீரபத்திரன் என்றார். அது நான். வாய் திறப்பதற்குள் வேறொருவன் ஆஜர் ஆகிவிட்டான்.

"ஏலே, நீ வீரபத்திரன்னா நான் யாருலே?"

"அது தெரியாது பெரியய்யா. இங்கன நிக்கச் சொன்னாரு, நிக்கிறேன்."

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் யாரையும் கட்டி வைக்கலை சார். நான் சொல்லாம ஒண்ணுக்குக்கூடப் போக மாட்டாங்க. அம்புட்டு விசுவாசம்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றார் பேராசிரியை, மெதுவாக. எழுதுகிறவருக்குத் தோதாக முதலாளி நிறுத்தி நிறுத்தி இன்னொரு தடவை சொன்னார். கையெழுத்தும் போட்டார்.

ஜூலை 9

விடுதலைச் சான்று கொடுத்தார்கள். இருளம்மாளுக்கு. செத்தவர்களுக்காகவும் எனக்காகவும் நின்ற ஐந்து பேருக்கும், அவரவர் சொந்தப் பெயரில். இந்தத் தடவை மாலை இல்லை. டிராக்டர் வருவதற்கு முன்பே பேராசிரியை வாசலில் வேன் நிறுத்தியிருந்தார்.

தங்கச்சியை எதிர்க்கடைக்குக் கூட்டிப் போனேன். கிளாசை ரொம்ப நேரம் ஊதினாள்.

"இந்தக் கடையா?"

"ஆமா."

"அன்னைக்கி எனக்கும் ஒரு டீ சொல்லியிருக்கலாம்ல, அண்ணே."

 பிறகு அவளே பழைய பட்டியலைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சந்தனம், இல்லை. யாகப்பம்மாள், இல்லை. ஹசன் அலி, இல்லை. அவள் புருசன் நம்புராஜன் பெயரைத் தாண்டப் பார்த்தேன். அவளே சொல்லி, இல்லை என்றாள். என் பெயரை விட்டுவிட்டேன், நான் அந்த டிராக்டரில் ஏறாதவன்.

மிச்சம் ஒரு பெயர். இருளம்மாள்.