ரிவர்ஸ் போடாத பிக்கப்

மார்ச் 4, செவ்வாய்

பிக்கப் வாங்கி ஒரு மாதம் ஆகப்போகிறது. தினமும் இதில்தான் வேலைக்குப் போகிறேன். எனக்கு இது முதல் வண்டி. வண்டிக்கு நான் எத்தனையாவது ஆளோ. பின்னால் பைப்பும் ரெஞ்சும் உருளுகிற சத்தத்தில், பிளம்பர் வருகிறான் என்று தெருவுக்கே முன்கூட்டித் தெரிந்துவிடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

தொட்டிக் குழாய் மாற்றப் போன வீட்டில் வாசலிலேயே இடம் இருந்தது. ஆனால் அங்கே விட்டால் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். தெருமுனையில் விட்டுவிட்டு பைப்பைத் தோளில் சுமந்து போனேன்.

"வண்டி வச்சிருக்கீங்கல்ல, அப்புறம் ஏன் சுமக்கறீங்க?" என்றார் வீட்டுக்காரம்மா. உடம்புக்கு நல்லது என்றேன்.

வாங்கிய அன்றே பின்பக்கமாக எடுத்து எங்கள் வீட்டு கேட்டையே சாய்த்தவன் நான். அன்றிலிருந்து அந்தக் கியரைத் தொடுவதில்லை. எந்தத் தெருவில் நுழைந்தால் நேராகவே வெளியே வரலாம் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்புகிறேன். "பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரையே சுத்தற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்கிறாள் மனைவி.

மார்ச் 12, புதன்

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வேறு ஊர். அறையும் பார்த்துவிட்டாள். கட்டில், மேசை எல்லாம் நானே கொண்டுவந்து இறக்குகிறேன் என்று மார்பை நிமிர்த்திச் சொன்னேன்.

"அப்பா, அது முட்டுச்சந்துப்பா. வண்டி திருப்ப இடமே இல்ல."

நிமிர்ந்த மார்பு உள்ளே போய்விட்டது. "வேற வண்டி சொல்லிடலாம்" என்றாள் மனைவி. மகள் என்னையே பார்த்தாள்.

பிள்ளை முதல் தடவை வீட்டை விட்டுப் போகிறாள். அவள் சாமான் எவன் வண்டியிலோ போக, நான் பஸ்ஸில் போவதா? அப்புறம் இதை எதற்கு வாங்கினேன் — தெருமுனையில் நிறுத்திவைக்கவா?

மார்ச் 16, ஞாயிறு

காலி மைதானம். இரண்டு வாளியை வைத்துவிட்டு, நடுவே பின்பக்கமாக வரச் சொன்னாள் மகள்.

"இந்த வாளியை நான்னு நினைச்சுக்கங்கப்பா."

ஏற்றிவிட்டேன். மகள் நசுங்கிய வாளியை இழுத்து ஓரமாகப் போட்டாள்.

"சரி, வாளின்னே நினைச்சுக்கங்க" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

மிச்சமிருந்த வாளி பிழைத்தது.

மார்ச் 30, ஞாயிறு

சந்துக்குள் நேராக நுழைந்துவிட்டேன். சாமானை இறக்கி, கட்டிலை மாட்டி, ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷரும் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை.

வழி சொல்ல வண்டிக்குப் பின்னால் போனாள் மகள். "வேணாம்மா, நீ வாசல்லயே நில்லு" என்றேன்.

ரிவர்ஸ் போட்டேன். வண்டி தொண்டையைச் செருமியது. நானும்தான்.

நேராகத் திரும்பி வந்திருந்தால் சைடு கண்ணாடியில் ஒரு நொடி தெரிந்து மறைந்திருப்பாள். இப்போது முன்கண்ணாடி முழுக்க அவள்தான். கையை ஆட்டிக்கொண்டே நிற்கிறாள்.

"அப்பா, பின்னால பாருங்க" என்று கத்தினாள்.

பார்த்தேன், நடுநடுவே.

நான் ஓட்டுவது நத்தை மாதிரி இருக்கிறது என்று தினமும் சொல்கிற என் மனைவி, பக்கத்து சீட்டில் முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "இன்னும் மெதுவா போங்க" என்றாள்.