காய் முத்தும் வரை

இன்று காலை கொல்லைப்புறத்துத் தேயிலைச் செடியில் பூ விரிந்திருந்தது. வெள்ளை இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தத்தில் தலையைப் புதைத்திருந்தது ஒரு தேனீ. நீ கண்ணை மூடிய பிறகு வரும் முதல் பூக்காலம். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

எழுபதுகளின் கடைசியில் இலங்கையின் பதுளையில் உயர்தர வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். ஒரு பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது, வராவிட்டால் என்ன ஆகும் என்று ஆராயச் சொன்னார் தாவரவியல் டீச்சர். எல்லோரும் பூசணிக்கு ஓட, நீ மட்டும் தேயிலை என்றாய். கடைத்தெருவில் வளர்ந்த எனக்கு அது பூக்கும் என்பதே புதிது. "கொழுந்து கிள்ளிக்கிட்டே இருந்தா எங்கடி பூக்கும்? ஓடைப் பக்கம் கவ்வாத்துப் பண்ணாம, வெட்டாம விட்ட செடிங்க இருக்கு, வா" என்று லுணுகலைப் பக்கம் உன் அப்பா அம்மா வேலை செய்த தேயிலைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாய்.

உனக்கு வேறு காரணமும் இருந்தது. தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து உன்னைக் கொழுந்து எடுக்க அனுப்புவதில் உன் அப்பா பிடிவாதமாக நின்றார். "இந்த ஆராய்ச்சிக் காய் முத்துற வரைக்கும் படிக்கிறேம்பா" என்று கெஞ்சினாய். "கொஞ்ச நாளுதானே, போகட்டும்" என்றார் உன் அம்மா. அப்பாவும் இறங்கி வந்தார். தேயிலைக் காய் முத்த ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், அதற்குள் பரீட்சை எழுதிவிடலாம் என்பதை நீ வீட்டில் மூச்சு விடவில்லை. சரியான கள்ளி!

என் வாப்பாவின் துணிக்கடை வலைத்துணியில் பைகள் தைத்து, பாதி மொட்டுகளுக்குப் பூச்சி வராமல் மூடினோம். பூ உதிர்ந்ததும் பைகளைக் கழற்றினோம். அடையாளத்துக்கு, மூடிய கிளையின் நுனிக்கொழுந்தில் சிவப்பு நூல், மூடாததில் நீல நூல். ஒரு நாள் நான் ஊர்க்கதை சொல்ல, செடியருகே நின்று நீ சிரித்துக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து எடுத்துப் பழகிய உன் விரல்கள் சும்மா இருக்கவில்லை. கையை விரித்தாய். உள்ளே பிடிக் கொழுந்து, சிவப்பும் நீலமுமாய் நூல்களோடு. எது மூடிய கிளை, எது மூடாதது என்று இனித் தெரியாது.

"போச்சுடி, எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்து அழுதாய்.

"மொட்டு இன்னும் இரிக்கிதானே, திரும்பத் தொடங்குவம்" என்றேன். இம்முறை நூலைக் கிளையின் அடியில் கட்டினோம். காய் முத்தும் நாளும் தள்ளிப்போனது. பூச்சி வந்து போன பூக்களில் காய் பிடித்தது. மூடியவற்றில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் உதிர்ந்தன. காய்கள் வெடித்தபோது நாம் பரீட்சையே எழுதி முடித்திருந்தோம்.

நீ பாஸானதைச் சொல்ல நானும் உன் லயத்து வீட்டுக்கு வந்தேன். மனம் கேட்காமல் அம்மாவிடம் உடைத்துவிட்டாய்: "ஒரு வருஷம் ஆகும்னு தெரிஞ்சுதாம்மா கேட்டேன்."

அவர் அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. "கல்யாணத்துக்கு முன்ன தேயிலை வெதை பொறுக்குனவதானே நான். எனக்குத் தெரியாதா?"

நீ வாயைப் பிளந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்த விதைகளில் ஒன்றுதான் இந்தச் செடி. நீ எத்தனையோ பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாய். நான் வாப்பாவின் கடையில் உட்கார்ந்தேன். துணி எடுக்க வருகிறவர்கள் மகளின் படிப்பை நிறுத்தப்போவதாகச் சொன்னால், அளந்த துணியைக் கிழித்துக் கொடுக்காமல் உன் அம்மாவின் வார்த்தையைத்தான் முதலில் எடுத்துப் போடுகிறேன்: "கொஞ்ச நாளுதானே, போகட்டும்."