கத்தினாள் என்று கழிக்கப்பட்ட கோல்கீப்பர்

அனுப்புநர்
மா. சடையன் (வயது 71),
வெள்ளிமலை அஞ்சல்,
கல்வராயன்மலை வட்டம்.

பெறுநர்
மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் என் பேத்தியைச் சோதிக்காமலே தள்ளியது – மறுதேர்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் பேத்தி சந்தியா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மலைப்பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். 9.11.2025 அன்று கள்ளக்குறிச்சியில் நடந்த இறுதி ஆட்டத்தில் சின்னசேலம் அணியை ஒரு கோல் போட்டு வென்றார்கள். எங்கள் பக்கம் கோல் விழவில்லை.

2. வெளியூர்த் தனியார் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் கோல்கீப்பர் தேடி வந்திருந்தார். தேர்வானால் படிப்பும் விடுதியும் இலவசம். அது இல்லையேல் சந்தியாவுக்குக் கல்லூரியே இல்லை. மரவள்ளிக்கிழங்கு பிடுங்கத்தான் போக வேண்டும். அப்பெருமகனார் குடை நிழலில் அமர்ந்து, பாய்ந்து விழுந்தவர்களை மட்டும் செல்போனில் படம் பிடித்தார். சின்னசேலம் கோல்கீப்பர் ஷாலினி பலமுறை மண்ணில் விழுந்து எழுந்தாள். அவளை எடுத்துக்கொண்டார்.

3. சந்தியா விழவில்லை. விழ வேண்டிய வேலை வரவில்லை. "ஏய் கண்ணகி, இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற? உன் பின்னால ஒருத்தி வர்றா பாரு!" என்று தன் அணிப் பெண்களைப் பார்த்து ஆட்டம் முழுக்கக் கத்தினாள். பந்து வரும் வழியெல்லாம் ஆள் நின்றது. இதற்கு அவர் தந்த தீர்ப்பு: "நின்ன எடத்துலயே நிக்குது. வாய் ஜாஸ்தி, ஒழுக்கம் கம்மி."

4. நான் பள்ளிக்குப் போனவன் அல்லன். பஸ் போர்டு பார்த்து எழுத்துக் கற்றவன். ஆனால் கொல்லைக் காவல் தெரியும். பன்றி வருமுன் கத்தி விரட்டுகிறவனைத்தான் காவலுக்கு வைப்போம். இவருக்குக் கொல்லை இருந்தால், பன்றி புகுந்தபின் சேற்றில் உருளுகிறவனுக்கே கூலி கொடுப்பார்.

5. நாலு பந்து அடித்துப் பாருங்கள் என்றேன். "பெரியவரே, எனக்கு இருபது வருஷ அனுபவம்" என்றார். அனுபவம் காரில் ஏறிப் போய்விட்டது.

6. ஆகவே, அவரைத் திரும்ப அழைத்து, அதே மைதானத்தில், தங்கள் முன்னிலையில் சந்தியாவைச் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அவளுக்கு முன்னே தடுப்பாட்டக்காரர்கள் நிற்க வேண்டும். அவள் கத்துவாள், வாயை மூடச் சொல்லக் கூடாது. பதில் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் குறைதீர் கூட்டத்தில் நிற்பேன்.

7. சாட்சிக்குச் சின்னசேலம் போய் ஷாலினியையே கேட்டேன். "தாத்தா, சந்தியா வாய மூடிக்கினு இருந்திருந்தா நாங்க ரெண்டு கோல் போட்டிருப்போம்" என்று சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டாள். அவள்மேல் எனக்குக் குறை ஏதுமில்லை. இதைக் காரணம் காட்டி அவள் இடத்தைப் பறித்தால், அடுத்த மனுவை அவளுக்காக எழுதுவேன்.

இடம்: வெள்ளிமலை
நாள்: 17.11.2025

விட்டுக்கொடுக்காத மனுதாரர்,
மா. சடையன்

சாட்சி: ஷாலினி, தேர்வான கோல்கீப்பர்