உங்களுக்குக் காது கேட்டது, அத்தை

அத்தை,

போகிக்காக டிவி ஸ்டாண்டின் அடித்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய வயர்களுக்கு நடுவே அந்த மைக் கையில் அகப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு வட்டம், நீளமான மெல்லிய வயர். உங்கள் மகன் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். "இப்ப எதுக்கு அது?" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரிடம் பேச வேண்டியதைப் பேசியாகிவிட்டது. மிச்சம் உங்களிடம்தான்.

சிதம்பரத்தில் இந்த வீட்டைக் கட்டி முடித்த கையோடு, 2010-ல், கடலூரில் போய் அந்த ஹோம் தியேட்டரை வாங்கி வந்தார். கடையிலிருந்து வந்த ஆள் சுவர் சுவராக ஸ்பீக்கர் மாட்டினார். பின்பக்கத்து ஸ்பீக்கர் ஒன்று சமையலறை வாசலுக்கு நேர் மேலே வந்தது. அந்த வாசலில்தான் உங்கள் முக்காலி. மாமா காபி என்றால் எழுந்து போக வேண்டும், குக்கர் விசில் எண்ண வேண்டும். சோபாவில் நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"யாரார் எங்க உக்காந்து பாப்பீங்களோ அங்கல்லாம் இந்த மைக்க வெச்சிக் காட்டணும் சார். மிஷினே ரூம அளந்து, சத்தத்த அதுக்கேத்தாப்ல மாத்திக்கும்" என்றார் அந்த ஆள்.

உங்கள் மகன் சோபாவின் இந்தக் கோடியில் வைத்தார், நடுவில் வைத்தார், அந்தக் கோடியில் மாமா இடத்தில் வைத்தார். "அவ்ளோதான்" என்றார். கையில் கரண்டியோடு நீங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று முதல் பேச்செல்லாம் சோபாவுக்குப் போனது. உங்கள் தலைக்கு மேலிருந்து மழையும் இடியும் மேளமும்தான் கொட்டின. சீரியலில் யாரோ அழுதால் ஏன் அழுகிறாள் என்று உங்களுக்குத் தெரியவில்லை. "அவ என்னா சொன்னா?" என்று என்னைக் கேட்பீர்கள். "ஷ்ஷ்" என்பார் மாமா. நாலு தடவை கேட்டதும் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இவளுக்குக் காது போயிடுச்சி."

கடலூரில் காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்த வார்த்தைகளை எல்லாம் நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள். எனக்கே கேட்காததைக்கூடச் சொன்னீர்கள். "இந்த வயசுக்கு ரொம்ப நல்லாருக்கு" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமா கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? "அப்பறம் ஏன் டிவி மட்டும் கேக்கல?" உங்கள் மகனும் தலையாட்டினார். இன்ஜினியர்! பெட்டி தப்பாக அளந்திருக்கும் என்று அந்த மூளைக்கு எட்டவில்லை. பெற்றவளின் காதுதான் பழுது என்று சுலபமாக எட்டியது.

அப்பனும் பிள்ளையும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில், மிஷினோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பார்த்து நானே திரும்ப அளந்தேன். மைக்கை உங்கள் முக்காலியில் வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினோம். ஒவ்வொரு ஸ்பீக்கராக உறுமி அடங்கும்வரை நீங்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். பிறகு சீரியல் போட்டோம். "அய்ய, இவ இவ்ளோ பொய்யா பேசறா!" என்று நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

சாயங்காலமே உங்கள் மகன் கண்டுபிடித்துவிட்டார். "யாரு செட்டிங்க மாத்துனது? எஃபெக்டே இல்ல."

"அத்தைக்குக் கேக்கலன்னு நான்தான் மாத்துனேன். இப்ப நல்லாக் கேக்குது."

"கேக்காத காதுக்குப் போயி யாராவது சிஸ்டத்த மாத்துவாங்களா?" என்றார் மாமா.

கத்தினேன். உங்கள் மகனும் கத்தினார். நீங்கள் என்ன செய்தீர்கள்? "விடும்மா. அவங்க பாக்கறதுதான முக்கியம், எனக்கென்னா" என்றீர்கள். எனக்கு அன்று உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை அத்தை. ஒருத்தி உங்களுக்காகத் தொண்டை கிழிய நிற்கும்போது அவள் காலையா வாருவது? மறுநாளே அவர் பழையபடி மாற்றி வைத்துவிட்டார்.

காது கேட்காதவர் என்று ஆன பிறகு உங்களை வைத்துக்கொண்டே உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் முக்காலியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். "ஒண்ணு சொன்னா நாலு தடவ கேக்கறா. எரிச்சலா வருது. காட்டுமன்னார்கோயில்ல பொண்ணு வூட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார் மாமா. "சரிப்பா, எனக்கும் கொஞ்சம் நிம்மதி" என்றார் உங்கள் மகன். உங்கள் கத்தி நின்றது. பிறகு நறுக்கினீர்கள்.

நான் பஸ் ஏற்றிவிட வந்தபோது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தீர்கள். "அன்னிக்கிப் பேசுனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சி. அவங்கிட்ட மட்டும் சொல்லிடாத. புள்ள வருத்தப்படுவான்."

அங்கிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை. ஒரு காலை, பேத்திக்குத் தலை பின்னிவிட்டு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்களாம்.

உங்களை இங்கே கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தோம். துக்கம் கேட்க வந்தவர்களிடம் உங்கள் மகன் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசில அம்மாவுக்குக் காது சுத்தமாக் கேக்கல, பாவம்." ஆள் மாற்றி ஆளிடம் அதையே சொன்னார். நான் எழுந்தேன். அத்தனை பேர் முன்னால், "அவங்களுக்குக் காது நல்லாக் கேட்டுச்சி. உங்க யாருக்கும்தான் கேக்கல" என்று கத்தினேன். மாமா என்னை உள்ளே போகச் சொன்னார். போகவில்லை.

கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, நான் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு உங்கள் மகன் வந்து நின்றார்.

"அன்னிக்கி நானும் அப்பாவும் பேசுனது... அம்மாவுக்குக் கேட்டிருக்குமா?"

நீங்கள் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வரத்தான் செய்தது.

"ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சி. நிம்மதின்னு சொன்னீங்களே, அதுவும்" என்றேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. பிள்ளை வருத்தப்படுவான் என்றீர்களே, வருத்தப்பட்டார். படட்டும் அத்தை. நீங்கள் கடைசிவரை படாத கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன். அதைக் கீழே இறக்கி வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.