வாசலில் ஒரே ஒரு சோதனை

சிரம்பான்,
17-2-1952

அன்பு மகள் வள்ளிநாயகிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எல்லா அளவிலும் சுகமாக இருக்க வேண்டும். சென்ற திங்கட்கிழமை, நெடுநாள் ஆலோசனைக்குப் பின் நான் ஒரு முக்கியமான தீர்மானம் எடுத்தேன்: இனிமேல் தோட்ட வாசலில் நாளைக்கு ஒரு தடவை மட்டுமே சோதனைக்கு நிற்பது. நீ உன் கடிதத்தில், குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற நினைப்பு ஓயாமல் வருகிறது, அதனால் அவனைத் தூக்குவதையே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன்.

காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாதென்று, வெளியே போகிறவர்களை வேலி வாசலில் தடவிப் பார்ப்பது உனக்குத் தெரியும். வரிசையில் நிற்கும்போது, உன் சட்டைப் பையில் ஒரு பிடி அரிசி இருக்கிறது, நீதான் போட்டாய் என்று என்னைப் பார்த்தே ஒரு நினைப்பு எனக்குள் சொல்லும். ஆறு மாதமாயிற்று. பையைத் தொட்டால் ஒன்றும் இருக்காது. சரியாகப் பார்த்தாயா என்று மறுபடி கேட்கும். நான் யாருக்கும் ஒரு மணி அரிசி கொடுத்ததில்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்து ஒரு பயனும் இல்லை. ஆகவே காவல்காரன் வீரமுத்து சோதித்து அனுப்பியதும் நாலடி போய்த் திரும்பி வந்து, இன்னொரு தடவை பாரப்பா என்பேன். சில நாள் நாலு தடவை. தோட்டத்துக் கணக்கெழுதுகிறவன் என்றும் பாராமல், என்னா கிராணி, கிச்சுகிச்சு மூட்டுறது அவ்ளோ புடிச்சிருச்சா என்பான். ரப்பர் பால் வெட்டப் போகப் பின்னால் நிற்கும் மங்கம்மா, ஐயாவத் தடவி முடிச்சிட்டா எங்களயும் வுடுலா, வெயில் ஏறுனா மரத்துல பால் எறங்காது என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாகக்கூட இருக்காது. அம்மா கோயிலில் மந்திரித்துக் கையில் கயிறு கட்டினாள். வீரமுத்து அதையும் அவிழ்த்துப் பார்த்தான்.

தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் நல்லசாமிதான் சொன்னார், இது பைத்தியமில்ல கிராணி, நீங்க பதில் சொல்லச் சொல்லத்தான் அது கேள்வி கேக்குது, வந்தா வரட்டும்னு வுட்டுட்டு நடங்க, நெஞ்சு அடிச்சாலும் நடங்க என்று. செவ்வாய்க்கிழமை நடந்தேன். நினைப்பும் கூடவே வந்தது. வரட்டும் என்று பால் நிறுக்கும் கொட்டகை வரை திரும்பாமல் போனேன். புதனும் அப்படியே. வியாழக்கிழமை அது கொஞ்சம் பின்தங்கி வந்தது. நீயும் அதற்குப் பதில் சொல்லாதே. கை நடுங்கினாலும் குழந்தையைத் தூக்கு, நடுங்குகிற கையிலும் பிள்ளை இருக்கும்.

வெள்ளிக்கிழமை போலீஸ்காரர்கள் வந்து நம் வீட்டைச் சோதித்தார்கள். தெனம் நாலு தடவ பாக்கச் சொல்ற ஆளு, மூணு நாளா ஒரு தடவையோட வெரசா போறாரு, என்னமோ இருக்கு என்று வீரமுத்து மேலிடத்தில் சொல்லியிருக்கிறான். அவன் நியாயத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. அரிசிப் பானையைத் தரையில் கொட்டிப் பார்த்தார்கள், அரிசிதான் இருந்தது. முன்பு ஏன் நாலு தடவை நின்றாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உனக்கு எழுதிய இதையேதான் சொன்னேன். அவர் ஒரு வரியில் எழுதிக்கொண்டார். சனிக்கிழமையும் ஒரு தடவைதான் நின்றேன்.

மாரியம்மன் துணையால் நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி இருங்கள். குழந்தையை எத்தனை நாழிகை மடியில் வைத்திருந்தாய் என்று மறக்காமல் எழுது.

உன் அப்பா
இராஜமாணிக்கம்

பி.கு.: நான் பினாங்கு வருவதற்குக் கொடுத்திருந்த அனுமதிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குழந்தையின் காதுகுத்துக்கு அம்மா மட்டும் வருவாள்.