குழல் வாயில் செவ்வந்தி

தலத்தெரு, காரைக்கால்
கார்த்திகை, திங்கட்கிழமை

அன்புள்ள சுகிர்தாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் குவாஹாட்டிக் குளிருக்குப் பழகியிருப்பாய் என்று நம்புகிறேன். மனசைக் கேட்டால் நான் நன்றாக இல்லை, அதற்குப் பாதிக் காரணம் நீ. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய், காகிதம் என்றால் கடைசிவரை படித்தாக வேண்டும்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வரிச்சிக்குடி வயலில் தண்ணீர் வடிந்துவிட்டது, பயிர் தப்பித்தது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. துப்பாக்கி மன்ற விவகாரத்தில் நான் தலையிட்டதிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "கையில துப்பாக்கிய எடுத்துட்டா, இனிமே சாம்பார்ல உப்பில்லேன்னு சொல்ல முடியுமா நான்?" என்று சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துப்பாக்கி சுடும் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீ எழுதியதைப் படித்தேன், நானும் பெயருக்குச் செயற்குழுவில் இருக்கிறேனே. "துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடச் சோம்பல்படுகிறவர் போட்டிக்குப் போகத் தகுதியில்லாதவர். நான் இருந்தவரை ஒரு பொட்டுத் துரு கிடையாது." ஷஃபீனாவின் பெயரை நீ எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை, நீ ஊரை விட்டுப் போனபின் அந்த மூன்று துப்பாக்கிகளையும் பராமரிப்பவள் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். "மூன்றும் துருப்பிடித்துவிட்டன, பொறுப்பில் இருந்த பெண்ணின் அலட்சியம்" என்று செயலாளர் கார்த்திகேசன் போட்ட உடனே நீ ஆமாம் போட்டுவிட்டாய். உன்னிடம் சுடக் கற்றுக்கொண்ட பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அவளுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் என்னிடமாவது கேட்டாயா?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆயுத பூஜையன்று துப்பாக்கிகளை மேசையில் வரிசையாகக் கிடத்தி, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் குழல் வாயைச் சுற்றி அப்பி, குங்குமம் வைத்து, அதோடு நில்லாமல் ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு செவ்வந்திப் பூவை நீளக் காம்போடு செருகினார் கார்த்திகேசன். வாளித் தண்ணீரிலிருந்து எடுத்த பூ, காம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லாரிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் சண்டையும் இல்லை. ஆனால் லாரியின் டீசல் டேங்குக்குள் யாரும் பூ வைப்பதில்லை. "சார், குழலுக்குள்ள ஈரம் போவுது" என்றேன். "மேடம், இது உங்க கெமிஸ்ட்ரி லேப் இல்லீங்க" என்றார், பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். படையல் முடிந்ததும் ஷஃபீனா எண்ணெயும் துணியுமாக வந்து, "சார், தொடைச்சு வச்சிடவா?" என்று கேட்டாள். "பூஜை போட்டத அன்னிக்கே கலைக்கக் கூடாதும்மா. நீ தொடாத, நாங்க பாத்துக்குறோம்" என்றார். அந்த "நீ" எங்கே போய்த் தைத்தது என்று அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் எடுத்துத் துடைப்பதாகப் பேச்சு. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது, அவர் துப்பாக்கி இருந்த அறையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு மகள் பிரசவத்துக்கு மதுரை போய்விட்டார். சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லி ஷஃபீனா போனில் கெஞ்சியிருக்கிறாள். "மழையில எங்கம்மா அலையப் போற, துப்பாக்கி என்ன தயிரா, புளிச்சுப் போறதுக்கு?" என்றாராம். ஐப்பசி மழை, கடற்காற்று, பூட்டிய அறை, குழலுக்குள் அழுகுகிற பூ. அவர் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தீபாவளியே போய்விட்டது.

நானே போய்ப் பார்த்தேன். வாய்ப்பக்கம் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பின்பக்கமிருந்து உள்ளே பார்த்தால், முக்கால்வாசித் தூரம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பூஜைக்கு முந்தின நாள் அவள் போட்ட எண்ணெய் மெல்லிய படலமாக அப்படியே இருக்கிறது. வாய்ப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குத்தான் செம்பழுப்பாகப் புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது, காம்பு போன தூரம் வரைக்கும். மூன்றிலும் அதே இடம். துடைக்காமல் விட்ட குழல் என்றால் கரியும் ஈயமும் நெடுகப் படிந்திருக்கும், இதை எனக்குச் சொன்னவளே நீதான். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டு வெளியேறுகிற இடம் அரித்துப்போனால் குறி சிதறாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் செயற்குழுக் கூட்டத்தில் சொன்னேன். கார்த்திகேசன் ஒன்றைக்கூட மறுக்கவில்லை. எழுந்து நின்று, "மேடம் சொல்றது சரியாவே இருக்கட்டும், மாநிலப் பதக்கம் வாங்குன அவங்க பொண்ணே என்ன சொல்லுதுன்னு கேளுங்க" என்று நீ எழுதியதை வாசித்தார். அவ்வளவுதான், இந்த வருஷப் போட்டிக்கு அவள் பெயரை அனுப்புவதை நிறுத்திவைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஞாயிறு கூடி முடிவு செய்கிறார்களாம். துப்பாக்கியை வேறு மன்றத்தில் இரவல் வாங்கலாம், அலட்சியக்காரி என்று போன பெயரை எங்கே போய் வாங்குவது? அவள் அம்மா கைருன்னிஸாவைப் பார்க்கப் போனேன். "விட்டுருங்க டீச்சர், பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்குன்னு முன்னயே கேக்குறாங்க. இனிமே போவ வேணாம்னு அவ வாப்பாவும் துபாய்லேர்ந்து சொல்லிட்டாங்க" என்றார். ஷஃபீனா அறையை விட்டு வரவேயில்லை. நான் செருப்பு மாட்டும்போது வாசலுக்கு வந்து, "சுகிர்தாக்காவுக்கு விஷயம் தெரியாது டீச்சர், அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். உனக்காக அவள் பேசினாள், அவளுக்காக நீ பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குழல்களின் படங்களை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் நம்பாதே, பார்த்துவிட்டு உனக்குத் தோன்றுவதை எழுது, நான் சொல்வது தப்பென்று தோன்றினால் அதையும் எழுது. ஆனால் எந்தக் குழுவில் எழுதினாயோ அங்கேயே எழுது, அவளுக்குத் தனியாக ஒரு ஸாரி அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்ளாதே. பூஜை விஷயம், ஊரோடு ஒத்துப் போ என்கிறார் அப்பா. பூஜையை நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பூவைப் பிடுங்கிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும் காரியத்துக்கு ஒரு பெண்ணின் தலையை உருட்டுவதைத்தான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு தூங்காதே. உடம்பில் தெம்பும் வேலையில் நிம்மதியும் குறையாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் அன்றைக்கு நான் பேசுவேன். எழுதாவிட்டால், என் பெண் சொன்னது தவறு என்று உன் பெயரைச் சொல்லியே பேசுவேன்.

உன் நலம் விரும்பும் அம்மா,
நீலாயதாட்சி